19.1: எவரெஸ்டில் எடுத்த ஒரு சிரிஞ்சு ரத்தத்தின் கணக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் யாரிடமாவது ஒரு ரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, ஆக்சிஜன் அழுத்தம் 19.1 என்று சொல்லிப் பாருங்கள். ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "தமனியில குத்தல, சிரையில குத்திட்டீங்க, திரும்ப எடுங்க" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கடல்மட்டத்தில் தமனி ரத்தத்தில் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும் (இனி மி.மீ. என்றே போடுகிறேன்). உடலெல்லாம் சுற்றி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரை ரத்தத்திலேயே 40 மிச்சம் இருக்கும். 19 என்பது படுக்கையில் மூச்சுபேச்சில்லாமல் கிடப்பவரின் எண்.

ஆனால் இந்த 19.1 தமனியில் எடுத்ததுதான். கொடுத்தவர் நடந்து ஏறிப் போனவர், கொடுத்துவிட்டு நடந்தே இறங்கியவர். கூடவே அந்தச் சீட்டில் கார்பன் டை ஆக்சைடு 15.7 என்று இருந்தது. ஆக்சிஜன் 19-க்கு இறங்கிய சிரை ரத்தமாக இருந்திருந்தால் திசுக்களில் வாங்கிய கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கும், இந்த அளவுக்குக் கீழே போயிருக்காது. ஆக, ஊசி தப்பான இடத்தில் போகவில்லை.

என்ன நடந்தது

2007 மே 23. காட்வெல் எக்ஸ்ட்ரீம் எவரெஸ்ட் என்ற ஆய்வுப் பயணம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் நடத்தியது, தலைவர் மைக் குரோக்காட். எவரெஸ்ட் உச்சியிலேயே தமனி ரத்தம் எடுப்பதுதான் திட்டம். அதுவரை யாரும் அங்கே நேரடியாக எடுத்து அளந்ததில்லை. 1981-ல் ஜான் வெஸ்ட் தலைமையில் போன அமெரிக்கக் குழுவில் கிறிஸ்டோபர் பிட்ஸோ உச்சியில் உட்கார்ந்து தன் வெளிமூச்சைப் பிடித்து வந்தார், அதை வைத்துத் தமனியில் 28 இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1985-ல் காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறைக்குள்ளேயே உச்சிவரை 'ஏறி' எடுத்த ரத்தத்தில் சுமார் 30 வந்தது. மலைமேல் எடுத்தது மட்டும் பாக்கி.

உச்சியில் குளிர் மைனஸ் 25 டிகிரி, காற்றின் வேகம் 20 நாட் (knot), அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டருக்கு மேல். ஊசி பிடிக்க ஆகாது என்று கொஞ்சம் இறங்கி, 8400 மீட்டரில் நின்றார்கள். அதுவரை மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி, 20 நிமிடம் வெறும் காற்றை மூச்சிழுத்துக் காத்திருந்தார்கள், நுரையீரலில் தங்கிய கூடுதல் ஆக்சிஜன் போய்த் தொலையட்டும் என்று. அப்புறம் கையுறையைக் கழற்றி, உறைகுளிர் உடுப்பின் ஜிப்பை இறக்கி, தொடை இடுக்கில் துடிக்கும் தமனியைத் தொட்டுப் பார்த்து ஊசி. நான்கு பேரிடம் எடுத்தார்கள். சிரிஞ்சுகளை ஐஸும் தண்ணீரும் கலந்ததில் வைத்து ஷெர்பாக்களிடம் கொடுக்க, அவர்கள் 2000 மீட்டர் கீழே, 6400 மீட்டர் முகாமில் வைத்திருந்த பரிசோதனைக் கருவிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த இறங்குமுகம் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. ஏன் ஐஸ்? எடுத்த பிறகும் ரத்தத்தின் வெள்ளணுக்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், குளிர வைத்தால் அது மந்தமாகும். மைனஸ் 25-ல் இன்னொரு உபயோகமும் உண்டு: ஐஸ் கலந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் நிற்கும், எனவே ரத்தம் உறைந்து கட்டியாகாமலும் அதுதான் காக்கிறது.

முடிவுகள் 2009 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன. நான்கு பேரின் ஆக்சிஜன் அழுத்தம்: 29.5, 19.1, 21.0, 28.7. சராசரி 24.6. ஹீமோகுளோபின் செறிவு, அதாவது ஆக்சிஜன் பிடித்திருக்கும் ஹீமோகுளோபினின் பங்கு: 68.1, 34.4, 43.7, 69.7 சதவீதம், சராசரி 54. வீட்டில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 90-ஐத் தொட்டாலே நமக்குப் பதறும். இவர்களுக்கு 54. பேசினார்கள், கயிறு பிடித்தார்கள், வழி தவறாமல் இறங்கினார்கள்.

எப்படி என்பதுதான் மீதிக் கதை.

முதல் தடை நுரையீரலில்

எவரெஸ்டில் ஆக்சிஜன் குறைவு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது மொத்தக் காற்றழுத்தம். அன்று 8400 மீட்டரில் 272 மி.மீ. இருந்தது, கடல்மட்டத்தில் 760. மூச்சுக்குழாய்க்குள் போனதும் காற்று ஈரமாகிவிடும், அந்த நீராவிக்கு 47 மி.மீ. போகும். அது மலையில் ஏறினாலும் குறையாது, ஏனென்றால் அது உடல்சூட்டைப் பொறுத்தது. மிச்சம் 225-ல் 21 சதவீதம் எடுத்தால் 47 மி.மீ. இதுதான் நுரையீரலுக்குள் நுழையும் ஆக்சிஜனின் மொத்த அழுத்தம்.

இதிலும் ஒரு பங்காளி இருக்கிறார். காற்றுப்பைக்குள் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு உட்கார்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவும் அதற்கு மேல் கொஞ்சமும் ஆக்சிஜனுக்கு இடம் குறையும். நமக்குச் சாதாரணமாக அது 40. 47-லிருந்து அந்தக் கணக்கில் கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதாவது நீங்களும் நானும் இப்போது விடும் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு அங்கே உயிரோடு இருக்கவே முடியாது. இவர்கள் எப்படி இருந்தார்கள்? மூச்சை வாரி வாரி இறைத்து கார்பன் டை ஆக்சைடைச் சராசரியாக 13.3-க்கு இறக்கியிருந்தார்கள். அதனால் காற்றுப்பையில் ஆக்சிஜனுக்கு 30 கிடைத்தது.

தனித்தனியாகப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கார்பன் டை ஆக்சைடு முதலாமவருக்கு 12.3, நான்காமவருக்கு 10.3. ஆக்சிஜன் 29-ஐ ஒட்டி இருப்பவர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டாமவருக்கு 15.7, மூன்றாமவருக்கு 15.0. ஆக்சிஜன் 20-ஐ ஒட்டி நிற்பவர்கள் இவர்கள். மூச்சு கொஞ்சம் மந்தமானதற்குக் கொடுத்த விலை இது. நான் போட்ட கணக்கில் அந்த ஒன்பது மி.மீ. வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு மூச்சே காரணம், மீதி காற்றுப்பையிலிருந்து ரத்தத்துக்குள் தாண்டும்போது விழுந்த இழப்பு.

அந்தத் தாண்டும் இழப்பு சராசரியாக 5.4 மி.மீ. காற்றுப்பையில் 30, ரத்தத்தில் 24.6. இந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. நுரையீரல் ஆக்சிஜனைச் சும்மா ஊடுருவ விடுவதில்லை, சுரப்பி மாதிரி தானே உள்ளே தள்ளுகிறது என்று டென்மார்க் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் (Bohr) நம்பினார், இங்கிலாந்திலிருந்து ஜே.எஸ். ஹால்டேன் 1911-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைக்கே போய் அதை நிரூபிக்கப் பார்த்தார். போரிடமே படித்த ஆகஸ்ட் குரோக்கும் அவர் மனைவி மேரியும் 1910-லேயே இல்லை என்று காட்டிவிட்டார்கள், அப்புறம் ஜோசப் பார்கிராஃப்ட் 1921–22-ல் பெருவின் செர்ரோ டி பாஸ்கோ என்ற மலையூருக்குப் போய் அதே முடிவோடு வந்தார். உடல் உள்ளே தள்ளுமென்றால் அதற்கு 8400 மீட்டரைவிட அவசரமான இடம் கிடையாது. அங்கேயும் ரத்தம் காற்றுப்பைக்குக் கீழேதான் நின்றது.

54 சதவீதம், சரி, எதில் 54?

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறோம். 'ஆக்சிஜன் அளவு' என்று ஒரே சொல்லால் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறோம். அழுத்தம் என்பது ஆக்சிஜன் எவ்வளவு வேகத்தோடு தள்ளுகிறது என்பது. செறிவு என்பது இருக்கும் இருக்கைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது. உள்ளடக்கம் என்பது உண்மையில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது. பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டுவது இரண்டாவதை மட்டும். மொத்த இருக்கை எத்தனை என்று அதற்குத் தெரியவே தெரியாது. (70-க்குக் கீழே அது காட்டும் எண்ணையும் பெரிதாக நம்ப வேண்டாம், பொதுவாக அந்த அளவுக்குக் கீழே அதைச் சரிபார்த்து விற்பதில்லை.)

ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்சிஜன் கரைவது அற்பம். ஒரு லிட்டரில் ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் 0.03 மில்லி. கடல்மட்டத்தில் 100 மி.மீ. இருந்தால் லிட்டருக்கு 3 மில்லி. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைத்தால் 15 மில்லி போய்ச் சேரும், சும்மா உட்கார்ந்திருக்கவே நமக்கு நிமிடத்துக்கு சுமார் 250 தேவை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஹீமோகுளோபின். நான்கு புரதச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், ஒவ்வொரு ஹீமிலும் ஓர் இரும்பு அணு, அதில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஒரு சிவப்பணுவுக்குள் இப்படிச் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுசாக நிரம்பினால் 1.39 மில்லி பிடிக்கும் என்பது இந்த ஆய்வின் எண்களோடு ஒத்துவரும் கணக்கு (1.34 என்றும் போடுவார்கள், பெரிய வித்தியாசமில்லை).

வாரக்கணக்கில் மலையில் இருந்ததில் இந்த நான்கு பேரின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குச் சராசரி 19.3 கிராமுக்கு ஏறியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 54 சதவீதச் செறிவிலும் லிட்டருக்கு 145.8 மில்லி ஆக்சிஜன். இப்போது இதே கணக்கைக் கடல்மட்டத்தில் இருக்கும் ஒருவருக்குப் போடுவோம்: கடுமையான ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7, செறிவு 98 சதவீதம். வருவது சுமார் 95. விரலில் மாட்டினால் கருவி 98 காட்டும், நாம் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவோம். ஆனால் அவர் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன், எவரெஸ்டில் 54 காட்டியவர்களின் ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே இந்த நிகழ்வை எழுதலாம் என்று தோன்றியது.

இன்னொன்று, 7100 மீட்டர்வரை இவர்களின் ரத்த ஆக்சிஜன் உள்ளடக்கம் லண்டனில் இருந்ததைவிடக் குறையவே இல்லை. அங்கே லிட்டருக்கு 197.1 மில்லி. செறிவு இறங்க இறங்க, ஹீமோகுளோபின் ஏறி ஈடுகட்டிக்கொண்டே வந்தது. 7100-க்கும் 8400-க்கும் நடுவில்தான் ஈடு கொடுக்க முடியாமல் 26 சதவீதம் சரிந்தது.

வளைவின் செங்குத்தான பகுதி

முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் அழுத்த வித்தியாசம் 10.4 மி.மீ. கடல்மட்டத்தில் 100-லிருந்து 90-க்கு இறங்கினால் செறிவு ஒரு சதவீதம் போல அசையும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே அதே 10 மி.மீ.க்கு செறிவு 68-லிருந்து 34-க்கு, சரிபாதியாக விழுந்துவிட்டது. உள்ளடக்கமும் அப்படியே: ஒருவருக்கு லிட்டருக்கு சுமார் 190, இன்னொருவருக்கு 90. அந்த 90, மேலே சொன்ன ரத்தசோகைக்காரரின் கணக்கைவிடவும் ஒரு படி கீழே.

காரணம் ஹீமோகுளோபினின் குணம். நான்கு இருக்கைகளும் தனித்தனியாக நிரம்புவதில்லை. ஒன்று நிரம்பியதும் மூலக்கூறின் வடிவமே கொஞ்சம் திரும்பிக்கொடுத்து மற்றவற்றுக்கு வழி விடுகிறது. அதனால் அழுத்தத்தை எதிர்த்துச் செறிவை வரைந்தால் நேர்கோடு வராது, ஆங்கில எஸ் மாதிரி நெளியும். மேலே தட்டை, நடுவில் செங்குத்து. தட்டையான மேற்பகுதி நுரையீரலுக்கு வசதி, காற்று கொஞ்சம் மோசமானாலும் நிரம்பிவிடும். செங்குத்துப் பகுதி திசுக்களுக்கு வசதி, அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் மொத்தமாகக் கொட்டும். 8400 மீட்டரில் சங்கடம் என்னவென்றால், ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டுமே அந்தச் செங்குத்தில்தான் நடந்தாக வேண்டும்.

இப்போது முதலாமவரையும் நான்காமவரையும் பக்கத்தில் வையுங்கள். முதலாமவருக்கு அழுத்தம் 29.5, செறிவு 68.1. நான்காமவருக்கு அழுத்தம் 28.7, அதாவது குறைவு, செறிவோ 69.7, அதிகம். என்ன மாயம்? நான்காமவரின் ரத்தம் அதிகக் காரம், பி.எச். 7.60. முதலாமவருக்கு 7.55. கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் ரத்தம் காரமாகும், காரமானால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். மேலே நுரையீரல் சண்டையில் தோற்ற அதே கிறிஸ்டியன் போர் 1904-ல் கண்டுபிடித்தது இது, அவர் பெயரிலேயே போர் விளைவு என்கிறோம். ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: இந்தச் செறிவு எண்கள் கருவி நேரடியாக அளந்தவை அல்ல, அழுத்தத்தையும் பி.எச்.சையும் வைத்துச் சூத்திரத்தில் போட்டவை. எனவே போர் விளைவுக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. அந்த விளைவு அங்கே எவ்வளவு பெறும் என்பதற்கான கணக்காக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண பி.எச். 7.4 இருந்து அதே 29.5 அழுத்தம் என்றால் செறிவு 56 போலத்தான் வரும். காரம் கொடுத்த உபரி 12 சதவீதம்.

பாடப்புத்தகங்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. மலையேறினால் சிவப்பணுவில் 2,3-டிபிஜி என்ற பொருள் கூடும், அது ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும், அதனால் திசுக்களுக்கு நிறைய ஆக்சிஜன் இறங்கும் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். மிதமான உயரத்துக்கு அது சரி, நுரையீரலில் ஏற்றுவதற்குப் பஞ்சமில்லாதபோது இறக்குவதை எளிதாக்குவது லாபம்தான். ஆனால் ஏற்றுவதே பாடாக இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்தால் ஏறியதும் போச்சு. 1974-ல் எலிகளுக்குச் சயனேட் கொடுத்து ஹீமோகுளோபினின் பிடியை வேண்டுமென்றே இறுக்கி, சாதாரண எலிகளோடு சேர்த்து மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளில் பெரும்பாலானவை செத்தன, பிடி இறுகியவை தாக்குப்பிடித்தன. உயரத்திலேயே வாழும் லாமா என்ற தென் அமெரிக்க ஒட்டக இன விலங்கின் ஹீமோகுளோபினும் பிடி இறுகியதுதான். எவரெஸ்டில் மனிதன் அதே காரியத்தை மூச்சால் செய்துகொள்கிறான்.

ஒத்துவராத ஒரு விஷயம்

இவ்வளவு நேரம் உள்ளடக்கம்தான் முக்கியம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படியானால் 7100 மீட்டரில் ரத்தத்தில் லண்டன் அளவுக்கு ஆக்சிஜன் இருந்தும் ஏன் அங்கே பத்து எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது?

ஏனென்றால் ரத்தத்தில் இருப்பது வேறு, செல்லுக்குள் போவது வேறு. நுண்குழாயிலிருந்து செல்லின் மைட்டோகாண்ட்ரியாவரை ஆக்சிஜன் போவது அழுத்த வித்தியாசத்தால் மட்டுமே, அங்கே தூக்கிப்போக ஹீமோகுளோபின் கிடையாது. சரக்கு நிறைய இருந்தும் தள்ளும் வேகம் குறைந்தால் போகாது. உழைக்கும்போது இதயம் இறைக்கும் உச்ச அளவும் உயரத்தில் குறைகிறது. ஹீமோகுளோபின் ஏறுவதும் சும்மா கிடைக்கும் வரம் இல்லை, ரத்தம் கெட்டியாகி ஓட்டம் மந்தமாகும். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியர்கள் பலருக்கு ஹீமோகுளோபின் அவ்வளவாக ஏறுவதே இல்லை என்பதை நினைத்தால், ரத்தத்தைக் கெட்டியாக்குவது நல்ல வழியா என்றே சந்தேகம் வரும். என் கருத்தில் அது தற்காலிகச் சமாளிப்புதான்.

19.1 காட்டிய அந்த இரண்டாமவருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 90 மில்லி. ஓய்வில் சாதாரணமாக உடல் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 50 எடுத்துக்கொள்ளும். இதயமும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் திரும்பி வரும் சிரை ரத்தத்தில் 40 மிச்சம், செறிவு 15 சதவீதம் போல. அதற்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஆக்சிஜன் போதாமல் செல்கள் தவித்தால் ரத்தத்தில் கூடும் லாக்டேட், நான்கு பேருக்கும் சராசரியாக லிட்டருக்கு 2.2 மில்லிமோல்தான். ஓய்வாக நின்ற அந்த நேரத்தில் செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவித்துப் புளித்துப்போனதற்கு அடையாளமில்லை.

பாலூட்டிகளில் இதைவிடக் கீழே போகிறவர்களும் உண்டு. யானைச் சீல் என்ற கடல் விலங்கு, ஆழத்தில் மூச்சடக்கி நீந்தும்போது அதன் தமனியில் 12 முதல் 23 மி.மீ.வரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். அது ரத்தத்திலும், தசையில் இருக்கும் மயோகுளோபினிலும் மூட்டை கட்டிக்கொண்டு போய், கடைசிச் சொட்டுவரை செலவழித்துவிட்டு மேலே வரும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செர்ரோ டி பாஸ்கோ போன அதே பார்கிராஃப்ட், பின்னாளில் கருவில் இருக்கும் சிசுவின் ரத்தத்தைப் பற்றி ஆராய்ந்தபோது அதைக் கருப்பைக்குள் ஓர் எவரெஸ்ட் என்றார். தொப்புள்கொடிச் சிரைதான் சிசுவுக்கு வரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், அதிலேயே அழுத்தம் சுமார் 30 மி.மீ. சிசுவின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி, அதில் 2,3-டிபிஜி சரியாக ஒட்டாது, அதனால் பிடி இறுக்கம், தாயின் ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ள அதுவே போதும். ஹீமோகுளோபினின் அளவும் அதிகம். முதலாமவரும் நான்காமவரும் 8400 மீட்டரில் செய்துகொண்டிருந்ததும் இந்த இரண்டைத்தான். ஒரே வித்தியாசம், சிசுவுக்கு அங்கிருந்து நடந்து இறங்க வேண்டியதில்லை. இவர்கள் ஜிப்பை ஏற்றி, முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.